புது இடுப்பு மூட்டு நழுவாமல் நிலைக்க

 

குடும்ப நலம் என்றதும் குழந்தை, தடுப்பூசி, அளவான குடும்பம் இவைதாம் நமக்கு நினைவுக்கு வரும். அதெல்லாம் சரிதான். ஆனால் கணவனோ மனைவியோ எழுந்து நடக்க முடியாமல் கட்டிலோடு கிடந்தால் அந்தக் குடும்பத்தின் நலம் என்ன ஆகும்? வயல் வேலை நிற்கும். அடுப்பு வேலை நிற்கும். பிள்ளையின் படிப்புக்கூட நின்றுபோகும். அதனால்தான் இன்று இடுப்பு மூட்டைப் பற்றி உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஒரு குடியானவர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வயது நாற்பத்தைந்து. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பு உள்ளுக்குள் நொறுங்கி, இரண்டு ஆண்டாக நொண்டி நடந்தார். அறுவைச் சிகிச்சை செய்து செயற்கை மூட்டு பொருத்தினார்கள். வலி போயிற்று. கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தார். ஐந்தாவது வாரம், "இன்னும் எத்தனை நாள் நீயே பால் கறப்பே, நான் பாத்துக்கிறேன்" என்று மாட்டடியில் குந்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், எழுந்திருக்க முடியவில்லை. கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் சொன்னார்: "வச்ச சாமான் சரியில்லீங்க ஐயா." மனைவி சொன்னார்: "சாமான்ல ஒண்ணுமில்லீங்க. இவரு சொன்ன பேச்சைக் கேக்கலே."

யார் சொன்னது சரி? சாமானா, ஆளா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்தச் சாமான் எப்படிச் செய்யப்பட்டது என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டும். கடினமான விஷயம் அல்ல. ஆட்டுரலும் மண்வெட்டியும் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும்.

இயற்கை செய்த மூட்டு

ஆட்டுரல் குழியில் குழவி சுழல்கிறது அல்லவா? இடுப்பு எலும்பில் அதுபோல ஒரு குழி இருக்கிறது. தொடை எலும்பின் உச்சியில் உருண்டையாக ஒரு தலை. தலை குழிக்குள் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் சுழல்கிறது. இதைப் பந்துக் கிண்ண மூட்டு என்பார்கள். இயற்கையான இந்தப் பந்து பெரியது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 45 முதல் 50 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கும். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம்போல ஒரு குருத்து. அதற்கு மேல் கெட்டியான உறையும் நார்களும். அதற்கும் மேல் பெரிய தசைகள். இத்தனை காவல் இருப்பதால்தான் குந்தினாலும் சம்மணம் போட்டாலும் நம் மூட்டு நழுவுவதில்லை.

செயற்கை மூட்டு பொருத்தும்போது அந்தக் குருத்தும் பழைய பந்தும் போய்விடுகின்றன. உறையை வெட்டித்தான் உள்ளே போக முடியும். அது மறுபடி கூடி இறுக வாரக் கணக்கில் ஆகும். அதுவரை காவல் குறைவு. அந்தக் குறையில் ஒரு பங்கைச் சாமானின் வடிவமே ஈடுகட்ட வேண்டும்.

சாமான் நான்கு பகுதி உடையது. தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, தண்டின் கழுத்தில் மாட்டும் பந்து, இடுப்புக் குழியில் பதியும் கிண்ணம், கிண்ணத்துக்குள் உட்காரும் வழவழப்பான உள்கிண்ணம். இந்த மூட்டு நிலைத்து நிற்க இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, தண்டும் கிண்ணமும் எலும்பில் ஆட்டம் காணாமல் பிடித்திருக்க வேண்டும். இரண்டு, பந்து கிண்ணத்தை விட்டு நழுவாமல் இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்டு ஆட்டம் காணாமல் இருக்க

தண்டைப் பொருத்த இரண்டு வழி உண்டு. முதல் வழி சிமெண்ட். வீடு கட்டும் சிமெண்ட் என்று நினைக்க வேண்டாம். இது அக்ரிலிக் என்ற பொருள். மாவுபோலப் பிசைந்து எலும்புக்குள் அழுத்தினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். இது பசைபோல ஒட்டுவதில்லை. எலும்பின் சின்னச் சின்ன இடுக்குகளில் புகுந்து கவ்விக்கொள்கிறது. எலும்பு மெலிந்துபோன வயதானவர்களுக்கு இந்த வழி மிகவும் உதவும்.

இரண்டாவது வழியில் சிமெண்ட் இல்லை. தண்டின் மேல்பகுதி சொரசொரப்பாக, நுண்துளைகளோடு இருக்கும். அதை எலும்புக்குள் இறுக்கி அடித்து இறக்குவார்கள். நாளடைவில் எலும்பு வளர்ந்து துளைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒன்று. முதல் சில வாரங்களில் தண்டு அசையக்கூடாது. 0.15 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்துகொண்டே இருந்தால் எலும்புக்குப் பதிலாக வெறும் நார்தான் வளரும். நட்ட கன்றைத் தினமும் ஆட்டிப் பார்த்தால் வேர் பிடிக்குமா? அதே கதைதான். உறுதியான எலும்புள்ள இளையவர்களுக்கு இந்த வழி நன்றாகப் பலிக்கிறது. எலும்பு மெலிந்த முதிய தாய்மார்களுக்கு இறுக்கி அடிக்கும்போதோ பின்னரோ எலும்பு விரிசல் விடும் ஆபத்து கூடுதல். ஆகவே "பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிமெண்ட் இல்லாமல்தானே வைத்தார்கள், எனக்கு ஏன் சிமெண்ட்?" என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

தண்டின் மேற்பரப்புகூட எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உண்மைக் கதை சொல்கிறேன். இங்கிலாந்தில் எக்ஸீட்டர் என்று ஒரு நகரம். அங்கே ராபின் லிங் என்ற எலும்பு மருத்துவரும் கிளைவ் லீ என்ற பொறியாளரும் சேர்ந்து சிமெண்டில் பொருத்தும் ஒரு தண்டைச் செய்தார்கள். மேலே அகன்று கீழே கூம்பும் வடிவம். கண்ணாடிபோல மெருகு. 1970-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1976-இல் அந்த மெருகை விட்டுவிட்டு, மங்கலான சொரசொரப்பு மேற்பரப்போடு செய்தார்கள். சொரசொரப்பாக இருந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்றுதானே நாமும் நினைப்போம்? நடந்தது வேறு. ஆட்டம் காணும் தண்டுகள் அதிகமாயின. 1986-இல் பழைய மெருகுக்கே திரும்பினார்கள்.

ஏன் அப்படி? மண்வெட்டிக் காம்பில் ஆப்பு அடிப்பதை நினைத்துப் பாருங்கள். ஆப்பு கொஞ்சம் இறங்க இறங்கத்தான் பிடி இறுகும். மெருகுள்ள கூம்புத் தண்டும் அப்படித்தான். நடக்க நடக்கச் சிமெண்டுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கி, ஆப்பாக இறுகுகிறது. சொரசொரப்பான தண்டு அப்படி இறங்க முடியாமல், இருந்த இடத்திலேயே உரசிச் சிமெண்டைத் தேய்த்துவிடுகிறது. வடிவம் ஒன்றே, மேற்பரப்பு மட்டும் மாறியது. பலனோ தலைகீழ்.

பந்து நழுவாமல் இருக்க

இனி பந்துக்கு வருவோம். இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு வழி காட்டியவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர். ரைட்டிங்டன் என்ற இடத்து மருத்துவமனையில் பணி செய்தவர். அவர் 22 மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய உலோகப் பந்தைத் தேர்ந்தெடுத்தார். பந்து சிறிதானால் உராய்வின் முறுக்கம் குறையும், கிண்ணத்தை அது அசைக்காது என்பது அவர் கணக்கு.

கிண்ணத்துக்கு முதலில் டெஃப்லான் என்ற பிளாஸ்டிக்கை வைத்தார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்தது. தேய்ந்த தூள் சுற்றியுள்ள திசுவைக் கெடுத்தது. பல நோயாளிகளுக்கு மறுபடியும் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. மனிதர் மனம் தளரவில்லை. நெசவுத்தறிகளின் பற்சக்கரத்துக்குப் பயன்பட்ட பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக் ஒன்று அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. தேய்த்துப் பார்த்தார்கள், தேய்மானம் மிகக் குறைவு. அந்தப் பொருளைத் தம் தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்த பிறகு, 1962 நவம்பரில் நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார். அப்படிப் பொருத்திய மூட்டுகள் பல இருபது, முப்பது ஆண்டு உழைத்தன.

ஆனால் சிறிய பந்துக்கு ஒரு குறை உண்டு. ஆழம் குறைந்த பள்ளத்தில் நிற்கும் வண்டிச் சக்கரம் சிறு தள்ளலிலேயே வெளியே ஏறிவிடும். ஆழப் பள்ளத்தில் இறங்கிய சக்கரம் சுலபமாக ஏறாது. பந்தும் அப்படித்தான். அரைக்கோளமான கிண்ணம் சரியான கோணத்தில் இருந்தால், பந்து நழுவ வேண்டுமானால் ஏறக்குறைய தன் அளவில் பாதி தூரம் விளிம்பைத் தாண்டி நகர வேண்டும். 22 மில்லிமீட்டர் பந்துக்கு அது 11 மில்லிமீட்டர். 36 மில்லிமீட்டர் பந்துக்கு 18 மில்லிமீட்டர். பெரிய பந்து வெளியேறுவது அந்த அளவுக்குக் கடினம்.

இன்னொரு விஷயம் கழுத்து. காலை அதிகம் மடக்கும்போது தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் போய் இடிக்கும். இடித்த பிறகும் மடக்கினால் என்ன ஆகும்? கடப்பாறையைக் கல்லின் மேல் வைத்து நெம்பினால் எதிர்முனை எழும்பும் அல்லவா? அதுபோலப் பந்து மறுபக்கம் நெம்பி வெளியே வந்துவிடும். நம் குடியானவர் மாட்டடியில் குந்தியபோது நடந்தது இதுதான். கழுத்து மெலிதாகவும் பந்து பெரிதாகவும் இருந்தால் இடிக்கும் முன் காலை அதிக தூரம் மடக்கலாம். கழுத்து தடித்துப் பந்து சிறுத்தால் சீக்கிரம் இடிக்கும்.

பெரிய பந்தே நல்லது என்று சொல்லலாமா?

"அப்படின்னா எல்லாருக்கும் பெரிய பந்தாவே வச்சிடலாமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது. கிண்ணத்தின் வெளி அளவு உங்கள் எலும்பைப் பொறுத்தது, நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. உள்ளே பந்து பெரிதானால் உள்கிண்ணத்தின் பிளாஸ்டிக் மெலியும். உராயும் பரப்பும் கூடுவதால் தூள் அதிகம் உதிரும். அந்தத் தூள் எலும்பை அரிக்கும். எலும்பு அரித்தால் கிண்ணமும் தண்டும் ஆட்டம் காணும். நழுவாமல் காக்கப்போய் அடிப்பிடி தளர்ந்துவிடும்.

இதைத் தவிர்க்கலாம் என்று பிளாஸ்டிக்கே இல்லாமல், உலோகக் கிண்ணத்தில் பெரிய உலோகப் பந்தை வைத்தும் பார்த்தார்கள். நழுவுவது குறைந்தது. ஆனால் பலருக்கு உலோகத் தூள் திசுவைக் கெடுத்தது. ரத்தத்திலும் உலோகம் சேர்ந்தது. அந்த வகையில் ஒரு மூட்டை 2010-இல் உலகம் முழுவதும் விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அந்த வகை பொருத்தியவர்கள் வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் தவறாமல் காட்டிக்கொள்ள வேண்டும்.

1990-களின் இறுதியிலிருந்து, கதிர்வீச்சால் கெட்டிப்படுத்திய பாலித்தீன் கிண்ணங்கள் வந்தன. இவை மிகக் குறைவாகவே தேய்கின்றன. அதனால் இன்று 32, 36 மில்லிமீட்டர் பந்துகளைத் துணிந்து வைக்க முடிகிறது.

நழுவும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு வேறு வடிவங்களும் உண்டு. பிரான்சு நாட்டு மருத்துவர் ஜீல் பூஸ்கே 1970-களில் பந்துக்குள் பந்து என்ற முறையைக் கொண்டுவந்தார். சிறிய பந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் சுழலும். அந்தப் பெரிய பந்து கிண்ணத்துக்குள் சுழலும். இரட்டைச் சுழற்சி என்பதால் நழுவுவது அரிது. இடுப்பு முறிந்து மூட்டு மாற்றும் முதியவர்களுக்கும், ஏற்கெனவே நழுவியவர்களுக்கும் இது பெரிதும் பயன்படுகிறது. ஒரு பக்கம் விளிம்பு உயர்ந்த உள்கிண்ணமும் உண்டு. அந்தப் பக்கம் நழுவாது. ஆனால் மறுபக்கம் கால் திரும்பும்போது கழுத்து அந்த உயர்ந்த விளிம்பிலேயே இடிக்கக்கூடும். பந்தை வளையம் போட்டுப் பூட்டிவிடும் கிண்ணமும் இருக்கிறது. அது கடைசி வழி. பூட்டினால் அசைவு குறையும், அதிர்ச்சியெல்லாம் எலும்பின் பிடியில் போய் விழும்.

ஆகவே தம்பதியரே, எல்லோருக்கும் ஏற்ற ஒரே சாமான் என்று ஒன்று கிடையாது. ஆளுக்குத் தக்கபடி அளந்து தேர்ந்தெடுக்க வேண்டியது இது.

பொருத்தும் கோணம்

நல்ல சாமானும் கோணலாக வைத்தால் நழுவும். 1978-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் ஓர் அளவு சொன்னார்கள். கிண்ணம் 40 டிகிரி சாய்ந்து, 15 டிகிரி முன்பக்கம் திரும்பி இருக்க வேண்டும், இரண்டிலும் 10 டிகிரி கூடலாம், குறையலாம் என்றார்கள். இன்றும் இது வழிகாட்டிதான். ஆனால் அந்த எல்லைக்குள் சரியாக வைத்த மூட்டுகளும் சில நழுவியதைப் பின்னால் கண்டார்கள். ஒரு காரணம் முதுகெலும்பு. நாம் உட்காரும்போது இடுப்பு எலும்பு பின்னால் சாய்ந்து தொடைக்கு இடம் விடுகிறது. முதுகு விறைத்துப்போனவர்களுக்கு அப்படிச் சாய்வதில்லை. கழுத்து சீக்கிரம் இடிக்கும். ஆகவே முதுகுவலி, முதுகு விறைப்பு, முதுகில் செய்த அறுவை எது இருந்தாலும் "இது இடுப்பு வைத்தியம்தானே" என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குடிப்பழக்கம், கைகால் நடுக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். விழும் ஆபத்தைக் கணக்கில் வைத்துத்தான் சாமானைத் தேர்ந்தெடுப்பார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் முறை மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூன்று பேர் வரை நழுவலாம். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்தான் நடக்கிறது. அந்த மூன்று மாதம் கணவனும் மனைவியும் சேர்ந்து காக்க வேண்டிய காலம்.

பின்பக்கம் கீறிச் செய்திருந்தால் மூன்று அசைவுகள் கூடாது. தொடையை நேர்கோணத்துக்கு மேல் மடக்கக்கூடாது. கால்மேல் கால் போடக்கூடாது. பாதத்தை உள்பக்கம் திருப்பக்கூடாது. ஞாபகம் வைக்க ஒரு சுலப வழி: உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயரக்கூடாது. முன்பக்கம் கீறிச் செய்தவர்களுக்கு விதி வேறு. எந்தப் பக்கம் கீறினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாய் வேண்டாம், கட்டில் வேண்டும். கயிற்றுக் கட்டில் தொய்ந்திருந்தால் மேலே பலகை போடுங்கள். படுக்கும்போது இரு கால்களுக்கும் நடுவில் தலையணை இருக்கட்டும். குந்தும் கழிப்பறை ஆகாது. உயரமான கழிப்பறை கட்ட வசதி இல்லையென்றால், நடுவில் ஓட்டை உள்ள உறுதியான நாற்காலியை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். அறுவைக்குப் போகும் முன்பே இதைச் செய்து வையுங்கள். திரும்பி வந்த பிறகு தேடக்கூடாது.

கீழே விழுந்த பொருளை மற்றவர் எடுத்துத் தர வேண்டும். பால் கறப்பது, களை எடுப்பது, நாற்று நடுவது, அடுப்படியில் குந்திச் சமைப்பது எதுவும் இப்போது கூடாது. மூட்டு மாற்றியவர் மனைவி என்றால், தண்ணீர்க் குடம் தூக்குவதும் வீடு பெருக்குவதும் கணவன் வேலை. "ஆம்பிளை பெருக்கினா ஊரு சிரிக்கும்" என்கிறீர்களா? சிரிக்கட்டும். மூட்டு நழுவினால் நம்மைத் தூக்கிக்கொண்டு ஓட ஊர் வராது.

தாம்பத்தியமும் பிள்ளைப்பேறும்

கேட்கக் கூச்சப்படும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தாம்பத்தியத்துக்குப் பொதுவாக ஆறு வாரம்போலப் பொறுத்திருக்க வேண்டும். அதன் பிறகும் மூட்டு மாற்றியவர் மல்லாந்து படுத்து, தொடையை அதிகம் மடக்காமல், முழங்கால் உள்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்வது நல்லது. சந்தேகம் இருந்தால் மருத்துவரையோ செவிலியரையோ கேளுங்கள். அவர்களுக்கு இது அன்றாடக் கேள்விதான். இளம் வயதில் மூட்டு மாற்றிய பெண்களும் பிள்ளை பெறலாம். மூட்டு மாற்றிய ஒரே காரணத்துக்காக வயிற்றைக் கீறி எடுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பிரசவம் பார்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காலை அளவுக்கு மீறி மடக்காமல் பார்த்துக்கொள்வார்கள்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

திடீர் வலி, 'டக்' என்ற சத்தம், கால் குட்டையாதல், பாதம் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளுதல் இவை நழுவியதன் அறிகுறிகள். யாரும் காலைப் பிடித்து இழுக்கக்கூடாது. எண்ணெய் போட்டு உருவக்கூடாது. அசையாமல் படுக்கவைத்து 108 ஆம்புலன்சை அழையுங்கள். மயக்கம் கொடுத்துப் பந்தைத் திரும்பக் கிண்ணத்தில் சேர்ப்பார்கள். காய்ச்சல், புண்ணில் நீர் கசிவு, பல ஆண்டு கழித்துத் தொடையில் புதிதாக வலி எது வந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

அறுவைக்கு முன் தம்பதியர் இருவரும் சேர்ந்து போய் நான்கு கேள்வி கேளுங்கள்: சிமெண்ட் வைத்தா, வைக்காமலா? பந்து எத்தனை மில்லிமீட்டர்? கீறல் எந்தப் பக்கம்? என்னென்ன அசைவு எத்தனை நாள் கூடாது? பொருத்திய சாமானின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு மருத்துவக் குறிப்பில் இருக்கும். அதன் நகலை வாங்கி, குடும்ப அட்டையோடு பத்திரமாக வையுங்கள். இருபது ஆண்டு கழித்து மூட்டைத் திரும்பப் பார்க்க நேர்ந்தால் அந்தச் சீட்டுத்தான் வழிகாட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய் விவரம் கேளுங்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சாமானா, ஆளா? நம் குடியானவருக்கு வைத்தது நல்ல சாமான்தான். ஆனால் அது எவ்வளவு தூரம் மடங்கும் என்று அவருக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பந்தைச் சேர்த்து அனுப்பும்போது மருத்துவர் அந்த அம்மாவிடமும் உட்காரவைத்துப் பேசினார். வீட்டுக்குப் போனதும் அவர் செய்த முதல் வேலை, மாட்டடியில் இருந்த மணையைத் தூக்கிப் பரண்மேல் போட்டதுதான். அதற்குப் பிறகு அந்த மூட்டு நழுவவில்லை.

சாமானை உறுதியாகச் செய்வது பொறியாளர் வேலை. அளந்து பொருத்துவது மருத்துவர் வேலை. அதை நழுவாமல் வைத்திருப்பது உங்கள் இருவரின் வேலை. மூன்றும் சேர்ந்தால் குடும்பம் நிமிர்ந்து நடக்கும்.